ஐலாவின் அளவுக்கு ஒரு வண்டி

ஏப்ரல் 27, சனி

முற்றத்துப் பனி எரிவாயுத் தொட்டி வரைக்கும் பின்வாங்கிவிட்டது. வடக்குச் சுவரோரம் மட்டும் அழுக்காக ஒரு மேடு. மாமனார் உர்ஹோ அதைப் பார்த்துவிட்டு, "மே பதினஞ்சு வரைக்கும் தாங்கும்" என்றார். போன வருடம் பத்தொன்பது வரை தாங்கியது என்றேன். "பத்திரிகைக்காரிகிட்ட வாய் குடுத்தது என் தப்பு" என்று துண்டை எடுத்துக்கொண்டு சானாவுக்குள் போய்விட்டார்.

நீராவிக் குளியல் முடிந்து எல்லாரும் சிவந்த முகத்தோடு காபிக்கு உட்கார்ந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தார். என் கணவன் ஆர்வோவின் மகள் ஐலாவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. சட்டப்படி இனி பெரியவர் கண் முன்னால் காட்டுத்தடத்தில் அவளே வண்டி ஓட்டலாம். "இந்த செப்டம்பர்ல அவ சொந்த வண்டியில வரணும். சுவர்ல ஆணி அடிக்க எடம் பாத்து வெச்சிருக்கேன்."

ஐலா ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள்.

அந்த ஆணி இந்தக் குடும்பத்தில் சின்ன விஷயம் இல்லை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் ஏடிவி என்ற நாலு சக்கரக் காட்டுவண்டிகளில் ஏறிக் காட்டு வீட்டுக்குப் போய், மான் வேட்டைக் காலத்துக்கு விறகு அடுக்குவது வழக்கம். உள்ளே நுழைந்ததும் இடது சுவரில் ஆணி வரிசை. தன் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து வந்து சேர்ந்தவருக்கு ஓர் ஆணி. அவர் ஹெல்மெட் அதில் தொங்கும். பின் இருக்கையில் வந்தவர்களின் ஹெல்மெட் விறகுப் பெட்டி மேல் கிடக்கும். நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாலு வருஷமாகப் பெட்டி மேல் இரண்டே ஹெல்மெட். தாத்தா பின்னால் வரும் ஐலாவுடையது ஒன்று. அவள் அப்பா ஆர்வோவின் பின்னால் வரும் என்னுடையது இன்னொன்று.

"கெய்லியோடது மாதிரி சிவப்பு வேணும்" என்றாள் ஐலா. கெய்லி அவள் அத்தை மகள், பதினாலு வயது, நெடுநெடுவென்று இருப்பாள். ஐலாவை இன்னும் கடைகளில் ஒன்பது வயதா என்று கேட்கிறார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பார்க்கலாம்" என்றேன்.

"அவ பார்க்கலாம்னு சொன்னா செய்தி அடுத்த வார இதழ்லதான் வரும்" என்றான் ஆர்வோ.

மே 4, சனி

நெடுஞ்சாலையில் உள்ள கடைக்குப் போனோம். ஒவ்வொரு வண்டியிலும் வயது ஒட்டியிருக்கிறது: ஆறுக்கு மேல், பத்துக்கு மேல், பதினாலுக்கு மேல். ஐலா நேராகப் பதினாலிடம் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சிவப்பு.

வேலையில் செய்வதைத்தான் நான் அங்கேயும் செய்தேன். கேட்டேன், பார்த்தேன், குறித்துக்கொண்டேன். கால்மிதியில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும்; இல்லை. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் வெளிக்கை நீண்டு உடம்பும் கூடவே சாய்ந்துபோகக் கூடாது, சாய்ந்தது. பிடியிலிருந்து கையை எடுக்காமல் விரல் பிரேக்கை வளைத்துப் பிடிக்க வேண்டும்.

"எட்டுது" என்றாள் ஐலா. நகம் எட்டியது.

"நகத்தால பிரேக் பிடிக்க முடியாது ஐலா."

"நான் பிடிப்பேன்."

பத்து வயது வண்டி அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பச்சை நிறம். எல்லாச் சோதனையிலும் தேறியது. கெடுவாய்ப்பாக, பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்றில் ஒரு பொடியன் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். ஐலா இறங்கிவிட்டாள்.

பன்னிரண்டு வயதுக்குப் பதினாலை விற்கவே மாட்டேன் என்று கடைக்காரரும் சொன்னார். அவர் சொன்னதற்கும் பழி என் மேல்தான்.

மே 5, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டில் ஐலா உப்பு கேட்டாள். அப்பாவிடம் கேட்டாள். உப்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

மே 12, ஞாயிறு

வடக்குச் சுவர் மேடு இன்னும் இருக்கிறது.

ஆர்வோவோடு வாக்குவாதம். பெரிதாக ஒன்றும் இல்லை. இருவரும் பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசினோம். அவன் ஏழு வயதில் அப்பாவின் வண்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டினானாம். ஒன்றும் ஆகவில்லையாம்.

"உன் இடது தோள்பட்டை ஏன் மழைக்கு முன்னாடி வலிக்குது?" என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஷெரீஃப் அலுவலகத்து விபத்துக் குறிப்புகள். வாராவாரம் வாங்கி வந்து நாலு வரியாகச் சுருக்கி எழுதுகிறேன். பெரிய வண்டி, சின்ன ஆள், இறக்கம். இந்த மூன்றும் ஒரே வரியில் எத்தனை தடவை வந்திருக்கும்? வீட்டில் இதைச் சொன்னால், "மேசைல ஒரு போலீஸ் ரிப்போர்ட் உக்காந்து சூப் குடிக்குது" என்கிறார் உர்ஹோ.

ஐலா மட்டும் சிரிக்காமல் ஒன்று கேட்டாள். "மார்னி, நீங்க எப்பவாவது ஓட்டியிருக்கீங்களா?"

இல்லை.

"ஒரு தடவைகூட?"

"பாலத்துக்குக் கீழேயிருந்து வந்தவம்மா அவ" என்றார் உர்ஹோ. "அந்தப் பக்கம் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. தடம்னா அவங்களுக்கு நடைபாதை." நான் தெற்கு மிச்சிகனில் பிறந்தவள். பெரிய பாலத்துக்கு அந்தப்புறத்தார் எல்லாரும் இவர்களுக்குப் பாலத்தடிப் பூதங்கள். இந்த ஊருக்கு வந்து பதினோரு குளிர்காலம் ஆயிற்று. இன்னும் பூதம்தான்.

மே 18, சனி

இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

காலையில் உர்ஹோ டிரெய்லரோடு வந்து சேர்ந்தார். மேலே சிவப்பு வண்டி. பதினாலு. தேவாலயத்துக் காபி வேளையில் யாரோ ஒருவர் விற்கப் போவதாகச் சொல்ல, அங்கேயே கை குலுக்கி முடித்துவிட்டார். கை குலுக்கினால் இங்கே திருப்பிக் கொடுக்கும் பேச்சே இல்லை.

"பெருசா இருக்கே மாமா."

"வளந்துடுவா."

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. பனி உடை ஓர் அளவு கூட, பூட்ஸ் ஓர் அளவு கூட, பனிச்சறுக்குக் காலணிக்குள் இரண்டு ஜோடி காலுறை. இங்கே பனிக்காலம் ஒன்று முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பூட்ஸுக்கு பிரேக் கிடையாது.

ஐலா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆர்வோ என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் ஆக்ஸிலரேட்டர் அடியில் உள்ள வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியை முழுக்க முடுக்கினான். "நடக்கற வேகத்துக்கு மேல போகாது. வயல்ல ஒரு சுத்து. அவ்வளவுதான். நான் கூடவே நடந்து வரேன்." வயல் என்று அவன் சொன்னது வீட்டுப் பின்புறத்துப் புல்வெளி.

ஐலா தடிமனான பனிப் பூட்ஸோடு வந்தாள், உயரம் காட்ட. மே மாதத்தில்.

பாதிச் சுற்று அழகாகப் போனாள். திருப்பத்தில் பிரேக் தேவைப்பட்டபோது விரல் எட்டவில்லை. பிடியிலிருந்து கையை முழுசாக எடுத்து பிரேக்கைத் தேடினாள். அந்த நேரத்தில் வண்டி நிதானமாக, யாரையும் கேட்காமல், உர்ஹோ எங்கள் கொல்லையில் வளர்க்கும் ருபார்ப் என்ற புளிப்புக் கீரைப் பாத்திக்குள் போய் நின்றது. ஆர்வோ சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீரைத் தண்டுகள் மட்டும் சப்பையாகிப் போயின.

கையை எடுத்துத் தேடியதை எல்லாரும்தான் பார்த்தார்கள். கடைசியில் உர்ஹோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "ருபார்ப் எப்படியும் வருஷா வருஷம் மிச்சம்தான் ஆகுது" என்றார்.

ஐலா வீட்டுக்குள் போகும்போது அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "மார்னிக்கு இப்ப சந்தோஷமா இருக்கும்."

எனக்கா? எனக்கென்ன சந்தோஷம்? நான் என்ன ருபார்ப் பக்கமா நின்னேன்? அவ விழுந்துடக் கூடாதுன்னுதானே — சரி. எழுதி என்ன ஆகப்போகிறது.

மே 21, செவ்வாய்

வடக்குச் சுவர் மேடு போய்விட்டது. உர்ஹோ இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஜூன் 1, சனி

வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக் கொட்டகைக்குள் போனேன். சிவப்பு வண்டி தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. அவள் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கால்மிதியில் எழுந்து நின்றேன். கை நுழையும் இடைவெளி. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பினேன். தோள் அசையவில்லை. விரல் பிரேக்கை நன்றாக வளைத்துப் பிடித்தது. பதினாலுக்கு மேல் என்று ஒட்டியிருந்த இடத்தில் மேல்வரம்பு எதுவும் போடவில்லை. ஓட்டுபவரின் எடை வரம்புக்குள்ளும் இருந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கடைக்காரர் எடுத்துவைத்த மாதிரி பொருந்தியது.

இன்ஜினைப் போட்டுக் கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி குலுங்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.

மாடி ஜன்னல் திறந்தது. "ஒரேயடியா அமுக்காதீங்க. முட்டை மேல கை வெச்ச மாதிரி."

அப்புறம் ஐலாவே இறங்கி வந்தாள், செருப்பில்லாமல். சுற்றிவந்து பார்த்தாள். முழங்கை மடங்கியிருக்கிறதா, முழங்கால் பெட்ரோல் தொட்டியைத் தொடுகிறதா. என் சோதனைகள் எல்லாவற்றையும் என் வரிசையிலேயே செய்தாள். பென்சில் ஒன்றுதான் குறை.

"உங்களுக்குச் சரியா இருக்கு" என்றாள், குற்றம் சாட்டுகிற குரலில்.

"ஆமா."

கொஞ்ச நேரம் டயரை உதைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க இத ஓட்டக் கத்துக்கிட்டு செப்டம்பர்ல வந்தா, நான் அந்தப் பச்சையில வரேன்."

நான் செய்ய மாட்டேன் என்று நிச்சயமாக நம்பித்தான் சொன்னாள். அவள் கண்ணில் அது தெரிந்தது. சரி என்றேன்.

சரி என்று ஏன் சொன்னேன்?

ஜூன் 8, சனி

ஊர்மன்றக் கூடத்தில் அரசாங்கப் பாதுகாப்பு வகுப்பு. மடக்கு நாற்காலிகளில் பிள்ளைகள், மீசை அரும்பியவர்கள் இரண்டு பேர், நான். ஐலா மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்து என்னைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டாள். பயிற்சியாளர் வந்து, "பெற்றோர்கள் வெளியே காத்திருக்கலாம்" என்றார். "அவங்க மாணவி" என்று திரும்பாமலே சொன்னாள். அப்போது கூடமே திரும்பியது.

தேர்வில் அவளுக்கு எல்லாம் சரி. எனக்கு ஒன்று தவறு. காரில் வரும்போது விடாமல் கேட்டாள்.

"எது? சொல்லுங்க. எது?"

"இறக்கத்துல உடம்பு எந்தப் பக்கம் சாயணும்னு."

"என்ன எழுதினீங்க?"

"முன்னாடி."

ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். "முன்னாடி சாஞ்சா முன்னாடியே போயிடுவீங்க. பின்னாடி, மார்னி. பின்னாடி." வீட்டுக்குள் நுழைந்தவுடன் தாத்தாவுக்கு ஃபோன். பாலத்துக்குக் கீழே இறக்கமே கிடையாதே என்று அவர் எனக்குப் பரிந்து பேசினாராம்.

ஜூன் 22, சனி

பச்சை வண்டி வந்தது. தவளை என்று பெயர் வைத்திருக்கிறாள். அதிலும் திருகாணியை நான் முடுக்கினேன். முதல் சீசன் முழுக்க அது அப்படியே இருக்க வேண்டும் என்றேன். எவ்வளவோ முனகினாள். ஆரம்பக்காரர்களுக்கு அதுதான் விதி, விவாதம் இல்லை என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

பூச்சிக்கடி. காதுக்குப் பின்னால் மட்டும் ஏழு.

ஜூலை 14, ஞாயிறு

கெய்லி வந்தாள். தவளையைப் பார்த்துவிட்டு, "அய்யோ, குட்டியா அழகா இருக்கு" என்றாள், நாய்க்குட்டியைச் சொல்கிற மாதிரி.

ஐலாவின் காது சிவந்தது. கிளம்பி, முற்றத்து மரப்பீப்பாய் வரை தவளைக்கு முடிந்த வேகத்தில் போய், அதற்கு ஒரு சாண் முன்னால் இம்மி பிசகாமல் நிறுத்தினாள். "பிரேக் பிடிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உர்ஹோ பக்கத்தில் நின்று பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டிருந்தார். "ஹும்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10, சனி

மணல் குழிப் பக்கம் சின்ன ஏற்றத்தில் பயந்து பாதியில் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். வண்டி பின்னோக்கி உருண்டு பக்கவாட்டில் படுத்தது. நானும் பக்கத்தில் படுத்தேன். இடது தொடையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நீலம். ஆர்வோ ஓடி வந்து வண்டியை முதலில் தூக்கினான். என்னைத் தூக்க அடுத்ததாக வந்தான். இதைத் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் அவனிடம் சொன்னேன். போதும். செப்டம்பரில் நான் காரில் சாப்பாட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறேன். எல்லா வருஷமும் யாராவது கறி அடைத்துச் சுட்ட பாஸ்டிகளைச் சூடாகக் கொண்டுவர வேண்டுமே. அவன், "உன் இஷ்டம்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

மாடிப்படியில் ஐலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அப்ப நானும் கார்லயே வரேன்" என்றாள்.

"உன் ஆணி?"

"விறகுப் பெட்டில எடம் இருக்கு."

"ஐலா, நீ நல்லா ஓட்டற. என்னால உனக்கு —"

"நாம பேசினது என்ன? நீங்க வந்தா நான் வரேன்னு." குரல் உடைந்துவிடப் பார்த்தது. அவள் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். "பெட்டி மேல உங்க ஹெல்மெட்ட மட்டும் தனியா விட்டுட்டுப் போவேன்னு நெனச்சீங்களா?"

படியேறிப் போய்விட்டாள்.

நாலு வருஷமாகப் பெட்டி மேல் இரண்டு ஹெல்மெட். அது எனக்கு அவமானம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு துணை இருந்தது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தொடை வலியோடு ஏறினேன். அதே ஏற்றம். ஐலா தவளையோடு மேலே நின்றுகொண்டு கத்திக்கொண்டே இருந்தாள். "விடாதீங்க. கட்டைவிரல். விடாதீங்க." ஏறிவிட்டேன். மேலே போனதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

செப்டம்பர் 28, சனி

வந்து சேர்ந்தோம்.

மேப்பிள் இலைகள் பாதி சிவந்துவிட்டன. முன்னால் உர்ஹோ, அப்புறம் கெய்லி, ஐலா, நான். கடைசியில் ஆர்வோ, பின் இருக்கையில் எனக்குப் பதிலாகப் பாஸ்டிக் கூடை. கம்பளியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி. நான் உட்கார்ந்து வந்தபோது இவ்வளவு பத்திரமாகக் கட்டியதில்லை.

என் வண்டி ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. கட்டைவிரலை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றார்கள். "மார்னி, உன் பின்னாடி ஒரு ஆமை ஹாரன் அடிக்குது" என்றார் உர்ஹோ. பழைய வண்டி, தேவாலயத்துச் சரக்கு, நீங்கள் வாங்கியதுதானே என்றேன்.

ஓடைக்கு இறங்கும் சரிவு. அந்த இடத்தைப் பற்றித்தான் கோடை முழுக்க எனக்குக் கனவு. ஐலா இறங்கினாள்: கால்மிதியில் எழுந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, கீழே போய் இன்ஜினை அணைத்து, திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் கத்தவில்லை. கையை மட்டும் எடுத்து, மெதுவாகப் பின்பக்கம் காட்டினாள்.

பின்னால் சாய்ந்தேன். இறங்கிவிட்டேன்.

காட்டு வீட்டு வாசலில் உர்ஹோ பையிலிருந்து இரண்டு ஆணியும் சுத்தியலும் எடுத்தார். இரண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஐலா தன்னுடையதைத் தானே அடித்தாள். அப்புறம் எனக்கு எங்கே அடிப்பது என்று என்னை நிற்க வைத்து அளவு பார்த்தாள். கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே அடித்தாள்.

"இன்னும் மேல அடியேன்."

"எட்டணும்ல" என்றாள். "நகத்தால மாட்ட முடியாது."

ஆர்வோ வெளியே போய்ச் சிரித்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

பனிக்கு முன் வண்டிகளைக் கழுவி உள்ளே நிறுத்தினோம். சிவப்பு வண்டி ஏன் அப்படி ஊர்ந்தது என்று ஆர்வோ குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் விரல் வைத்துக் காட்டினான். திருகாணி கடைசி மரை வரைக்கும் முடுக்கியிருந்தது.

ருபார்ப்பில் இறங்கிய அன்று அவன் முடுக்கியதாக இருக்கும் என்றேன். ஜூலையிலேயே கழற்றித் தளர்த்திவிட்டேன் என்றான் ஆர்வோ. இரண்டு பேரும் தவளையைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தோம்.

"எப்ப செஞ்ச?" என்று கேட்டேன்.

"நீங்க மணல் குழில விழுந்த மறுநாள் ராத்திரி." நிமிரவே இல்லை. "ஆரம்பக்காரங்களுக்கு முதல் சீசன் முழுக்க இருக்கணும். நீங்கதான சொன்னீங்க."

"சீசன் முடிஞ்சுதே. இப்ப எடுத்துடலாமா?"

துணியைப் பிழிந்தாள். உதறினாள். என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"பார்க்கலாம்" என்றாள்.